ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு உபயங்கள்

அனுப்புநர்:
திருமதி ஜோசப்பின் மரியநாயகம்,
கடற்கரை வீதி,
சிப்பிக்குடா,
முல்லைத்தீவு.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
முல்லைத்தீவு.

பொருள்: சிப்பிக்குடா சனசமூக நிலையத்தில் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை தங்களால் திறந்துவைக்கப்படவுள்ள கணினி இயங்காது என்பதை முன்கூட்டியே அறியத்தருதலும், அதனை இயங்கச் செய்யத் தங்களது கட்டளையைக் கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி விழாவுக்குத் தாங்கள் பிரதம விருந்தினராக அழைக்கப்பட்டுள்ளீர்கள். தங்களுக்கு மாலை அணிவிக்கப்படும். அதன்பின் தாங்கள் ஒரு பொத்தானை அழுத்துவீர்கள். வெளிச்சம் வரும், எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்கு முன்னர் தாங்கள் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்களைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இவ்வாறான மனுக்கள் கிராம அலுவலர் ஊடாகவே வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். எமது கிராம அலுவலர்தான் விழாவில் வரவேற்புரை ஆற்றுகிறார். ஆகையால் நேரடியாக அனுப்புகிறேன்.

2. எனது மகள் நிதர்சனா கட்டட வரைபடப் பயிற்சியை முடித்தவர். வீட்டு வரைபடங்கள் தயாரிக்கும் வவுனியா நிறுவனம் ஒன்று, ஊரில் இருந்தபடியே கீறி அனுப்பும் வேலையை அவருக்குத் தர இணங்கியுள்ளது. வேலை, விழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை தொடங்க வேண்டும். அதற்குரிய மென்பொருள் சாதாரண கணினியில் ஓடாது. எங்கள் வீட்டில் சாதாரண கணினியும் இல்லை. எனவே சனசமூக நிலையம் பலமான கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்துவதென்றும், பகலில் மகள் அதில் வேலை செய்து மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்குவதென்றும் கூட்டத்தில் முடிவானது. நல்ல முடிவு. அதுவரை எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

3. எமது ஊரில் பொதுப் பொருள் எதுவும் உபயகாரர் இல்லாமல் வருவதில்லை என்பதைத் தாங்கள் அறிந்திருக்கலாம். தேவாலயத்து மின்விசிறிகளின் இறக்கைகளில் கொடுத்தவர்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. கரண்ட் போன நேரத்தில்தான் அவற்றை வாசிக்கலாம். கதிரைகளின் முதுகில் பெயர் உண்டு. பிரேதப் பெட்டியை வைக்கும் மேசைக்கும் உபயகாரர் உண்டு. அந்த வழக்கப்படியே நிலையத்தின் தலைவர் திரு. யூட்சன், மகள் எழுதிக் கொடுத்த பாகங்களின் பட்டியலை வெளிநாட்டில் உள்ள எம்மூரவரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஆளுக்கொரு பாகம் என்று பிரித்துக் கொடுத்தார்.

4. மகள் எழுதியவை ஒன்றோடு ஒன்று சேரக்கூடியவை. வந்தவை அவை அல்ல. எனது தம்பி பெனடிற் கனடாவில் இருக்கிறார். கணினியின் மூளையாகிய புரோசசர் அவரது பங்கு. "அக்கா, பிள்ளை எழுதினது பழைய சாமான். நான் அதைவிடத் திறமானது அனுப்புறன்" என்று கூறி அனுப்பினார். எனது கணவரின் தம்பி அலோசியஸ் பிரான்சில் இருக்கிறார். அந்த மூளையைத் தாங்குகின்ற மதர்போர்ட் அவரது பங்கு. கனடாவில் இருந்து திறமான சாமான் வருகிறது என்று கேள்விப்பட்டதும் அவர் வேறொரு கொம்பனியின் புரோசசருக்கென்று செய்த ஆகத் திறமானதை வாங்கி அனுப்பினார். இரண்டும் பட்டியலில் இருந்ததைவிடச் சிறந்தவை. ஒன்றுக்கொன்று மட்டும் பொருந்தா.

5. நோர்வேயில் இருந்து வந்த கிராபிக்ஸ் கார்ட்டும் நீளம் கூடியதால் பெட்டிக்குள் அடங்கவில்லை. திரு. யூட்சன் பெட்டியின் உள் தகட்டைக் கிரைண்டரால் வெட்டி இடம் எடுத்தார். ஆகவே அது பொருந்திவிட்டது என்றே கொள்ளலாம். அதே முறையில் புரோசசரின் ஓரங்களையும் அரத்தால் ராவிப் பார்க்கலாம் என்று அவர் முன்மொழிந்தார். அதைத் தடுத்தவர் முல்லைத்தீவு நகரில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் திரு. பைறூஸ் ஆவார். இரண்டு பொருட்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கூறியதை அப்படியே தருகிறேன்: "அக்கா, இது இருக்காது. அமத்தினால் உடையும். ரெண்டில ஒண்டை மாத்துங்கோ, சரிவரும்."

6. அந்த ஒன்று எது என்பதுதான் ஐயா, பிரச்சினை.

7. இங்கே குடும்ப விடயம் ஒன்றைக் குறிப்பிட வேண்டியுள்ளது, மன்னிக்கவும். எனது கணவர் மரியநாயகம் உயிருடன் இருந்த காலத்தில் அவரும் பெனடிற்றும் அலோசியசும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். படகு பெனடிற்றுடையது, எஞ்சின் அலோசியசுடையது. கணவர் இருக்கும்வரை எவரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் இறந்தபின் இருவருக்கும் வாய்த்தர்க்கம் வந்து, ஒருவர் படகையும் மற்றவர் எஞ்சினையும் எடுத்துக்கொண்டனர். எஞ்சின் இல்லாமல் படகு கரையில் கிடந்து உக்கியது. படகு இல்லாமல் எஞ்சின் கொட்டிலில் கிடந்து கறள் பிடித்தது. இருவரும் வெளிநாடு போனார்கள். அன்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. என்னோடு இருவரும் கதைப்பார்கள். தனித்தனியாக.

8. இப்போது ஒருவர் எடுத்து, "அக்கா, நீங்கள் ஆற்ற பக்கம், என்ர பக்கமோ அவற்ற பக்கமோ?" என்று கேட்கிறார். அவர் வைத்தவுடன் மற்றவர் எடுத்து, "அண்ணி, அண்ணா இருந்திருந்தால் என்ர சாமானைத் திருப்பி அனுப்பச் சொல்லுவாரோ?" என்று கேட்கிறார். புரோசசரை மாற்றச் சொன்னால் எனக்குத் தம்பி இல்லை. மதர்போர்ட்டை மாற்றச் சொன்னால் என் கணவர் வீட்டில் எனக்கென்று எஞ்சியிருக்கும் ஒரே மனிதர் இல்லை. இரண்டு ஆம்பிளைகள் இரண்டு தேசத்தில் இருந்துகொண்டு தீப்பெட்டி அளவுச் சாமானுக்காக மல்லுக்கட்ட, இங்கே என் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். எனக்குக் கோபம் வருகிறது என்பதை அரச மனுவில் தெரிவிக்கலாமோ தெரியாது. தெரிவித்துக்கொள்கிறேன்.

9. இதற்கு நிலையத்தின் நிர்வாகசபை கண்ட தீர்வு பின்வருமாறு. புரோசசரும் மதர்போர்ட்டும் பெட்டிக்குள் அருகருகே பசையால் ஒட்டப்பட்டுள்ளன. பெட்டியின் பக்கம் கண்ணாடி என்பதால் உபயகாரர்களின் பெயர்கள் வெளியே தெரியும். உள்ளே கலர் லைட்டுகளுக்குத் தனி வயர் இழுக்கப்பட்டுள்ளது. தாங்கள் பொத்தானை அழுத்தியதும் அவை எரியும். திரையில் "நல்வரவு" என்று தோன்றும். அது மேசைக்குக் கீழே இருக்கும் திரு. யூட்சனின் கைத்தொலைபேசியில் இருந்து வருவது. வெளிநாட்டவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "முதல்ல திறப்பம், பிறகு திருத்துவம்" என்பது திரு. யூட்சனின் நிலைப்பாடு. எமது ஊரில் முதலில் திறந்து பிறகு திருத்தப்பட்ட எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

10. திரு. பைறூஸ் நல்ல வழி ஒன்று சொன்னார். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினியில் இருந்து கழற்றிய புரோசசரும் மதர்போர்ட்டும் அவரிடம் உள்ளன. பழையவைதான், ஆனால் ஏற்கெனவே ஒன்றோடு ஒன்று பழகியவை. நோர்வேக் கார்ட்டையும் அதில் சேர்த்துக்கொண்டால் மகளின் வேலைக்குப் போதும் என்கிறார். சொன்னதோடு நில்லாமல் தனது கடையில் வைத்துப் பொருத்தியும் காட்டினார். மகள் அதில் இருந்து எங்கள் வீட்டையே கீறிப் பார்த்தார். நான் சமைக்கும் குசினியைக் கேட்டபடி பெரிதாகக் கீறினார். அதற்கு ஒரு யன்னலும் வைத்தார். நான் நன்றாக இருக்கிறது என்றேன். அன்றுதான் மகள் கடைசியாகச் சிரித்தது.

11. ஆனால் உபயகாரர் பெயர் இல்லாத பொருளைப் பெட்டிக்குள் வைக்க முடியாது என்று நிர்வாகசபை மறுத்துவிட்டது. திரு. பைறூசின் பெயரைப் போடலாமே என்று நான் கேட்டபோது, அவரே மறுத்துவிட்டார். "ஐயோ அக்கா, வேண்டாம். பிறகு ரெண்டு பேரும் ஒண்டாச் சேர்ந்து என்னோட சண்டைக்கு வருவினம்" என்றார். அவர்கள் ஒன்றாகச் சேருவார்கள் என்றால் அதற்கும் நான் சம்மதம். பைறூஸ் சம்மதிக்கவில்லை.

12. மகளின் கடவுச்சீட்டு ஏற்கெனவே கொழும்பில் உள்ள வேலைவாய்ப்பு முகவர் ஒருவரிடம் உள்ளது. குவைத்தில் வீட்டு வேலை. மகள் சத்தம் போடுகிறவர் அல்ல. நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அம்மா, ஞாயிற்றுக்கிழமை அது ஓடாட்டி நான் திங்கள் வெளிக்கிடுறன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு வேறு பிள்ளை இல்லை. கடல் கணவரைக் கொண்டுபோனது. கடலோடு வழக்காட முடியாது என்பதால் அப்போது நான் எவருக்கும் மனு எழுதவில்லை.

13. ஆகவே ஐயா அவர்களிடம் நான் மன்றாட்டமாகக் கேட்பது இதுதான். அரச அதிகாரி திறந்துவைக்கும் கணினியில் கனடாப் புரோசசர், பிரான்ஸ் மதர்போர்ட் ஆகிய இரண்டும் இருக்கக்கூடாது என்று ஒரு கட்டளை அனுப்பிவைக்கவும். காரணம் எழுதத் தேவையில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிட்டுவிட வேண்டாம், இரண்டையும் எழுதவும். அவற்றுக்குப் பதிலாகத் திரு. பைறூசிடம் உள்ள பழைய இரண்டையும் உபயகாரர் பெயர் இல்லாமலே பொருத்தும்படியும் எழுதவும். தங்களது கையொப்பத்தோடு கோபித்துக்கொள்ள எங்கள் ஊரில் ஆள் இல்லை. வெளிநாட்டிலும் இல்லை, காணி அலுவலுக்கு எல்லோரும் ஒருநாள் தங்களிடம்தான் வரவேண்டும். கழற்றிய இரண்டையும் நிலையத்தின் கண்ணாடி அலுமாரியில், ஒரே தட்டில், பெயர்கள் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் அதே கட்டளையில் சேர்த்துக்கொள்ளவும். அவர்கள் இருவரையும் ஒரு கூரையின் கீழ் வைக்க என்னால் முடியவில்லை. அவர்களுடைய சாமானாவது அப்படி இருக்கட்டும்.

14. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பொத்தானை அழுத்தியபின் உடனே எழுந்துவிட வேண்டாம். மகளை அழைத்து, ஒரு குசினி கீறிக் காட்டும்படி கேட்கவும். அவர் கீறினால் தங்களுக்கு நானே தேநீர் கொண்டுவந்து தருவேன். வெளிச்சம் மட்டும் வந்து திரையில் நல்வரவு என்றே நின்றால், இந்த மனு தங்கள் கைக்கு வரவில்லை என்று எடுத்துக்கொள்வேன். தங்களைக் குறை சொல்லமாட்டேன், எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டுவேன். விடிந்ததும் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு பஸ்சுக்குப் போவேன்.

தங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஜோசப்பின் மரியநாயகம்

இடம்: சிப்பிக்குடா
திகதி: 19.08.2025

பிரதி: எவருக்கும் இல்லை. தயவுசெய்து.