சோசம்மாவின் கல்யாணத்துக்கு இரண்டு செப்பேடுகள்

அனுப்புநர்:
ஏலிக்குட்டி இட்டியவிரா,
தெக்கேமுறி வீடு, மண்ணூர்க்கடவு,
கோட்டயம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கோட்டயம்.

பொருள்: பிரிந்து கிடக்கும் செப்பேடுகள் இரண்டையும் என் மகளின் திருமணத்தன்று ஒரே மேசையில் வைக்க உத்தரவு வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் ஊரில் மின்னு என்னும் தாலியைக் கட்டும் முன் மணமக்கள் செப்பேட்டின் மேல் கை வைத்து வாக்குக் கொடுப்பது வழக்கம். சேர அரசர்களான பெருமாள்கள் காலத்தில் எங்கள் தேவாலயத்துக்கு நிலம் விட்ட ஏடு அது. வட்டெழுத்தில் எழுதிய பழைய மலையாளம். எங்களில் எவருக்கும் படிக்கத் தெரியாது. கை வைக்க மட்டும் தெரியும்.

2. சபை மேலை, கீழை என்று இரண்டு கட்சியாக உடைந்தபோது சொத்தையும் பிரித்தார்கள். குத்துவிளக்கு அங்கே, வெள்ளிச் சிலுவை இங்கே என்று போய், கடைசியில் இரண்டு ஏடுகளைக் கோத்திருந்த வளையத்தை அரத்தால் அறுத்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். நிலம் கொடுத்த விவரம் மேலைத் தேவாலயத்தில் இருக்கிறது, சாட்சிகளின் பெயர்கள் கீழைத் தேவாலயத்தில். படித்துச் சொன்ன கல்லூரி ஆசிரியர் சிரித்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

3. என் மகள் சோசம்மா மேலைக் கட்சி. அவள் மணக்கவிருக்கும் உம்மன் கீழைக் கட்சி. எந்த ஏட்டில் கை வைப்பது என்று இரு வீட்டாரும் மல்லுக்கு நின்றதில் திருமணம் தள்ளிப்போயிற்று. "பாதி ஏட்டுல கை வச்சுப் பாதிக் கல்யாணமா பண்ணிக்கச் சொல்றே? ரெண்டும் வரட்டும், இல்லன்னா நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்கிறாள் சோசம்மா. பிடிவாதம் அவள் அப்பனுடையது. நியாயம் அவளுடையது என்றே எனக்கும் படுகிறது.

4. எங்கள் தேவாலயப் பொறுப்பாளர் சாண்டியிடம் மன்றாடினேன். "அவங்க கையில போனா திரும்பி வருமா, ஏலிக்குட்டி? கலெக்டர் பொறுப்பெடுத்தா நாளைக்கே தர்றேன்" என்றார். கீழைப் பொறுப்பாளர் குரியனிடமும் போனேன். "அவங்கள நம்பி ஒரு கரண்டியக்கூடக் கொடுக்க மாட்டேன், சேச்சி. கலெக்டர் சொன்னா சரி" என்றார். கட்சி பிரிந்த பிறகு இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் தாங்கள்தான், அம்மையீர். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

5. பெரிய நோன்பு தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை எங்களுக்குத் திருமணம் கிடையாது. ஆகவே அதற்கு முன் ஒரு நாள், எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத கிராம அலுவலகத்தில் ஏடுகள் இரண்டையும் அருகருகே வைக்கவும், காவலுக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்பவும் பணிவுடன் வேண்டுகிறேன். மேசையை நாங்களே கொண்டுவருகிறோம்.

தாங்கள் மறுக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில், விருந்துக்கு இரு கட்சியாருக்கும் சேர்த்தே மீன் சொல்லிவைத்துவிட்டேன்.

நாள்: 5 பிப்ரவரி 1987
இடம்: மண்ணூர்க்கடவு

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ஏலிக்குட்டி இட்டியவிரா (கையொப்பம்)