லோசாவின் அம்மாவும் எங்கள் அண்ணாவும்

2 ஜூன் 2017, வெள்ளி

அமெரிக்கா பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தை விட்டு விலகப் போகிறதாம். காலையில் ரேடியோவில் சொன்னார்கள். என்னோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் லோசா, உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டாள். அவளுடைய ஊர் துவாலு, கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் சின்னத் தீவு நாடு. பெரிய அலை அடித்தால் அவள் அம்மாவின் முற்றத்திலேயே கடல் நிற்கும்.

"அம்மாவை இங்கே கூப்பிடலாமே?" என்றேன்.

"வரமாட்டாள். பெரிய நாடுகளெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டன, இனிப் பயமில்லை என்கிறாள். இன்றைக்கு அவளுக்கு நான் என்ன சொல்ல?"

மாலையில் நான் ரானுயியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அமெரிக்காவில் ஹூஸ்டனிலிருந்து அண்ணா போன் எடுத்தார். எண்ணெய்க் கம்பனி வேலை; செய்தியில் அவருக்கு ஒரே சந்தோஷம். லோசாவைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்.

"கடல் வந்தா வேற நாட்டுக்குப் போகட்டுமன். நாங்களும் யாழ்ப்பாணத்தை விட்டிட்டு வந்தனாங்கள்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓம், வந்தனாங்கள். ஆனா போன வருசம் நீங்கள் திரும்பிப் போய் எங்கட வீட்டைப் பாத்திட்டு வந்தனீங்கள். அவள் திரும்பிப் போய் எதைப் பாக்கிறது, அண்ணா?"

அவர் பேச்சை மாற்றி, "அங்கை இப்ப நல்ல குளிரோ?" என்று கேட்டார்.

இந்த நாட்டில் ஜூன் என்றால் குளிர்காலம்; குளிர்தான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இவ்வளவு எழுதியும் கோபம் ஆறவில்லை.