லவினா திருப்பிய படகு

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
ஞாயிறு மாலை

அன்பு மகன் கிளமெண்டுக்கு,

மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும். உன் அப்பா மரியகுழந்தை எழுதுகிறேன். பேனா பிடித்து வெகு காலம் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. எடுத்த அந்த ஒரு நாளும் "டியூட்டில இருக்கேன்பா" என்று வைத்துவிட்டாய். நம் படகு கிளப் செகரட்டரி தங்கவேலுவின் மருமகன் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் திரும்புகிறார். இதை உன் கையில் கொடுத்து, நீ பிரிக்கும்வரை அங்கேயே நிற்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா உடம்பைப் பற்றிக் கேட்பாய். சர்க்கரை ஏறியிருக்கிறது. மாத்திரையை நான் நீட்டினால் போடுகிறாள், இல்லாவிட்டால் இல்லை. உன் தம்பி பிரேமின் ஆபீஸ் சட்டைகளை வாரத்துக்கு ஒரு தரம் எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி அலமாரியில் வைக்கிறாள். மழை இந்த வருடமும் நன்றாகப் பெய்தது. ஏரி ததும்ப நிற்கிறது என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

நீ வந்து தம்பிக்கு மண் போட்டுவிட்டு நான்காம் நாள் விமானம் ஏறிவிட்டாய். அந்த நான்கு நாளும் வீட்டில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நீ எல்லாவற்றையும் கேட்டாய். என்னைக் கேட்கவில்லை. உன் மனைவி லவினாவையும் கேட்கவில்லை. நான் அன்று போட்டிக் கொடி பிடித்துக்கொண்டு கரையில் நின்றவன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆடி மாதப் பாய்மரப் படகுக் கோப்பைக்கு வழக்கம்போல எல்லோரும் முதல் பூசை முடிந்து ஏரிக்கு வந்திருந்தார்கள். வாரமெல்லாம் பெங்களூரு ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் நெஞ்சு நிறைய மூச்சு. உனக்குத் தெரியாததா. தகர ஷெட்டுக்குப் பின்னால் பெண்கள் பிரியாணிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். கோயிலிலிருந்து மைக் கொண்டுவந்து யாரோ பாட்டுப் போட்டார்கள். காலையிலேயே பிரேம் கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் "காத்து சூப்பரா கீது, சீக்கிரம் வாங்க" என்று போட்டிருந்தான். அந்தக் குரூப்பில் அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை போடவில்லை.

லவினாவுடன் படகில் அவள் சிநேகிதி பியூலா. போன வருடம் கோப்பை வாங்கிய அதே ஜோடி. பிரேமுடன் சுனில், பங்காருபேட்டைப் பையன், ரயில் சிநேகிதம். சுனிலுக்கு நீச்சல் சரியாக வராது. வராதவர்களைப் படகில் ஏற்றக்கூடாது என்பது கிளப் விதி. கூட ஆள் இல்லாமல் பிரேமின் படகு கரையிலேயே நிற்க வேண்டாம் என்று அன்று எல்லோருமே கண்டும் காணாமல் இருந்துவிட்டோம். லைப் ஜாக்கெட் போட்டிருக்கிறானே என்று தங்கவேலு சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

லவினாவின் படகுதான் முன்னால். இரண்டாவது மிதவையை அவள் சுற்றிவிட்டாள். ஐந்தாறு படகு தூரம் பின்னால் பிரேம். அவன் மிதவையைச் சுற்றித் திரும்பும் நேரம் கரைப் பக்கமிருந்து காற்று ஒரே அடியாக அடித்தது. பாயைத் தாங்கும் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசி, பிரேமின் தலையில் பட்டது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. படகு சாய்வதைத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் தண்ணீரில்.

லவினா திரும்பிப் பார்த்தாள். பார்த்த அந்தக் கணமே படகைத் திருப்பினாள். இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள். யோசித்து நிற்கவில்லை, கோப்பையைப் பற்றி நினைக்கவில்லை. வேறொரு படகு ஒன்றும் தெரியாமல் நேராக வந்து முடிவுக் கோட்டைத் தாண்டி, ஜெயித்தோம் என்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டியது. இங்கே தங்கவேலு மோட்டார் படகின் கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், எஞ்சின் பிடிக்கவில்லை. நான் கொடியைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். அதைக் கீழே போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

லவினா கிட்டே போனபோது பிரேம் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்தான். சுனில் பிடி நழுவித் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். ஜாக்கெட் கழுத்துக்கு மேல் ஏறி முகத்தை மூடிவிட்டது, தண்ணீர் குடிக்கிறான். அவள் சுனிலிடம் போனாள். பியூலாவும் அவளும் சேர்ந்து அவனை உள்ளே இழுத்துப் போட்டார்கள். கனத்த உடம்பு, எளிதில் ஏறவில்லை. ஏற்றிவிட்டுத் திரும்பினால் கவிழ்ந்த படகு இருக்கிறது, பிரேம் இல்லை.

அவள் தண்ணீரில் குதித்தாள், கிளமெண்ட். லைப் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தாள். பாய்க்கு அடியில் போய்த் தேடினாள். பியூலா மட்டும் முடியைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் அன்று இரண்டு பெட்டி தூக்கியிருப்போம். மோட்டார் படகு போய்ச் சேர்ந்து, படகை நிமிர்த்தியபோது, பாய்க்கயிற்றில் சிக்கி உன் தம்பி இருந்தான். தலையில் அடிபட்ட மயக்கத்தில் கை விட்டிருக்கிறான் என்று டாக்டர் சொன்னார்.

உன் அம்மா அன்றிலிருந்து ஒரே பேச்சுத்தான். "எவளோ பெத்த புள்ளைய தூக்கிக்கினு வந்தா, நம்ம புள்ளைய தண்ணியிலயே வுட்டுட்டா." வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வந்தவர்களும் அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். லவினா அடுப்படியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு சுனில் வந்திருந்தான். உன் அம்மா அவனை உள்ளே விடவில்லை. நான் கேட் வரைக்கும் கூடப் போனேன். அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்போதுதான் சொன்னான். "அங்கிள், பிரேம்தான் கத்தினான். அண்ணி, அவன மொதல்ல எடுங்க, அவனுக்கு நீச்சல் வராது, நான் புடிச்சிக்கினு இருக்கேன்னு. என் காதால கேட்டேன் அங்கிள்."

நான் உள்ளே வந்து லவினாவைக் கேட்டேன். ஆமாம் என்றாள். பியூலாவையும் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் தடுத்திருக்கிறாள். ஏனம்மா இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீங்க நம்பணும் இல்ல, மாமா. நம்பலன்னா அவன் கடைசியா பேசினதும் வீணா பூடும்" என்றாள். அவன் பேசிய கடைசி வார்த்தையை யாரும் பொய் என்று சொல்லிவிடக் கூடாது என்று, அந்தப் பழியைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதைச் சொன்னால் உன் அம்மா மாறுவாள் என்று நினைத்தேன். அவள் முழுவதும் கேட்டாள். அப்புறம், "அவன் சொல்லுவான். அவன் கொணம் அப்டி. அவன் சொன்னா இவ கேட்டுடறதா?" என்றாள். எனக்கு அவளிடம் கோபம் வரவில்லை. பெற்றவள். அவளுக்கு யாரையாவது கேட்க வேண்டும். ஏரியைக் கேட்க முடியாது.

என்னைப் பற்றியும் மறைக்கமாட்டேன். ஒரு நாள் காலை லவினா காபி கொண்டுவந்து வைத்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள் அதைக் கவனித்தாள். அதன் பிறகு காபியை மேசையில் வைத்துவிட்டு, நான் வருவதற்குள் பெங்களூரு வேலைக்கு ரயில் பிடிக்க ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள்.

கிளப் முடிந்துபோனது. போலீஸ் வந்து ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். படகுகள் வெளியே கவிழ்த்தபடி கிடக்கின்றன. எஞ்சின் பழசு என்று ஒருவர், ஜாக்கெட் மட்டம் என்று ஒருவர், சுனிலை ஏற்றியது யார் என்று இன்னொருவர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்த்தவர்கள் இப்போது ஆளுக்கொரு வாசல் வழியாகப் போகிறார்கள். தங்கவேலு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசத்தான் போனேன். சரி என்று தலையாட்டினார், அவ்வளவுதான்.

இனி உன் மெசேஜ் விஷயம். "நான் லீவுல வர்றப்போ நீ அந்த வீட்ல இருக்கக்கூடாது" என்று அவளுக்குப் போட்டிருந்தாய். அவள் அழுதுகொண்டு காட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. ஏதோ கரண்ட் பில் காட்டுவதுபோல் காட்டினாள். "அவர் சொல்றதும் சரிதான் மாமா, அத்தைக்கு என்னைப் பாக்கப் பாக்கத்தானே வயிறு எரியுது" என்று சொல்லிவிட்டு இங்கே பக்கத்திலிருக்கும் பாலகாட்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

போன ஞாயிறு வந்தாள். வாசலிலேயே நின்றாள். நீ கட்டின தாலிச் செயின், கல்யாண மோதிரம், வீட்டுச் சாவி எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள். "அவர் வந்தா குடுத்துடுங்க. ஆபீஸ்லயும் இந்த மாசத்தோட நின்னுடறேன்னு சொல்லிட்டேன்" என்றாள். வேலையை விட்டுவிட்டு என்னம்மா செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல மாமா" என்று சிரித்தாள். உன் அம்மாவின் மருந்துச் சீட்டை எந்த டப்பாவில் வைத்திருக்கிறாள், காஸ் சிலிண்டருக்கு யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் சொன்னாள். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நம் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாதே.

அவள் கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ படித்தவன், புரிந்துகொள்வாய்.

அவள் அம்மாவிடம் பேசினேன். அந்த அம்மாவுக்குக் காது சரியில்லை, சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்கிறார். பியூலாவை அவளோடு ராத்திரி படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் கோரமண்டல் ஸ்டேஷனில் நிற்கிறேன். பெங்களூரு ரயில் வந்ததும் பெண்கள் பெட்டியிலிருந்து அவள் இறங்குகிறாளா என்று பார்க்கிறேன். இறங்கினால் பாலகாட் வரைக்கும் பின்னாலேயே நடக்கிறேன். அவளுக்குத் தெரியும். ஒரு நாள் நின்று, "ஏன் மாமா இப்டி அலையறீங்க, வீட்டுக்குப் போங்க" என்றாள். நான் வாக்கிங் வந்தேன் என்றேன். இந்த மாதம் முடிந்தால் அவள் ரயிலுக்கு வரமாட்டாள். அப்புறம் நான் எங்கே நிற்பேன்?

நீ மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவள் மன்னிப்புக் கேட்கும்படி எதுவும் செய்யவில்லை. தம்பி போன துக்கம் உனக்கும் இருக்கிறது, அதை எங்கே இறக்கி வைப்பது என்று உனக்குத் தெரியவில்லை. என் மேல் வை. நான் கிழவன், எனக்கு இன்னும் எத்தனை நாள்.

இதைப் படித்து முடித்த இடத்திலேயே அவளைக் கூப்பிடு. டியூட்டி முடியட்டும் என்று இருக்காதே. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேச வேண்டாம். திட்டத் தோன்றினால் திட்டு, அவள் கேட்டுக்கொள்வாள். போனை மட்டும் வைத்துவிடாதே. பக்கத்தில் பியூலா இருக்கிறாளா என்று கேள். நாளைக் காலையில் திரும்பக் கூப்பிடுகிறேன், எடு என்று சொல். அவள் எடுக்கிறேன் என்று வாயால் சொல்லும்வரை விடாதே. மறுநாளும் அப்படியே சொல்.

உன்னைக் கடவுள் காப்பாற்றட்டும். அவளையும் அவர் காப்பாற்றட்டும். நீ கூப்பிடுப்பா.

இப்படிக்கு,
உன் அப்பா
மரியகுழந்தை