பெட்டிக்குத் தெரியாத கட்டு

மதாம்,

கருவாட்டு வாடையை மீறி இன்னொரு வாடை என் வீட்டுக்குள் நிற்பது லேசில்லை. ஐப்பசி மழையில் விழுந்த இடி, நீ என் ஹால் சுவரில் மாட்டிவைத்த பெட்டியைக் கருக்கிவிட்டது. மூன்று வாரமாகியும் அந்தக் கருகல் வாடை போகவில்லை. சாம்பிராணி போட்டேன், ஜன்னலைத் திறந்து வைத்தேன். அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, நீ பேச வந்தால் உட்காருவதுபோல.

தெருவே உன்னை மதாம் என்றுதான் கூப்பிட்டது. பாஸ்போர்ட்டில் இருந்த பெயரை நீ போன பிறகு காகிதங்களில்தான் நான் முழுசாகப் படித்தேன். சொல்தா ஒருவருக்கு, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரருக்கு, வாழ்க்கைப்பட்டு பிரான்சுக்குப் போனவள், லிஃப்ட் கம்பெனியில் கம்பி பூட்டிப் பூட்டியே பிள்ளையை வளர்த்தவள், புருஷன் போனதும் "குளிர் எலும்பைத் தின்னுது" என்று காரைக்காலுக்கே திரும்பி வந்தவள். நானோ திருவேட்டக்குடிக் கரையில் நெத்திலிக் கூடை சுமந்து ஆரம்பித்தவள். பக்கத்து மனையில் நான் வீடு கட்டியபோது, வாடைக்குச் சண்டை பிடிக்கத்தான் நீ முதலில் வந்தாய்.

"ஏ கருவாடு, உன் கிடங்குல ஈரம் ஏறுது. அதான் இந்த நாத்தம். ஒரு கருவி மாட்டுனா ஈரம் பார்த்து ஃபேன் தானா ஓடும்."

"ஸ்விட்ச் போடக்கூட உன் ஊர்ல கை வலிக்குமா?"

"கை வலிக்காது. உனக்குப் பூசணம் பூக்காது. போதுமா?"

நான் வியாபாரி. பூசணம் என்ற சொல் போதும் எனக்கு. அப்படித்தான் அந்தப் பெட்டி வந்தது, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்றாக. கிடங்கு ஃபேன், தண்ணீர் மோட்டார், கேட், இரண்டு வீட்டு விளக்குகள், எல்லாம் அதன் பேச்சைக் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் நீ பெயர் வைத்தாய். ஈரம் பார்க்கும் கருவி பெரியமூக்கு. ஒழுகும் மோட்டார் அழுமூஞ்சி. போனைத் திறந்தால் ஒரு குடும்பமே வரிசையாக நிற்கும்.

புதுப் பெட்டி வாங்கிவிட்டேன். பட்டினத்திலிருந்து சலீம் வந்தார். இந்த வேலையில் பழுத்த ஆள், தாடி நரைத்தவர். பெட்டியை மாட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். அது யாரையும் அடையாளம் தெரியாமல் முழித்தது.

"முதலாளிம்மா, இதுங்க எல்லாம் இன்னும் பழைய பெட்டிக்குத்தான் சொந்தம். ஒவ்வொன்னையும் அந்த உறவிலேர்ந்து விலக்கணும். அப்புறம்தான் புதுசோட சேரும்."

"பெட்டிதான் செத்துப்போச்சே?"

"அதுக்குத் தெரியாதுல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை கேட் கருவியை மாற்றும்போது நீயும் இதையேதான் சொன்னாய், வேறு வார்த்தையில். "உங்க பக்கம் சொல்லுவீங்களே, அறுத்துக் கட்டுறதுன்னு, அதேதான்டி. பழசை அறுத்தாத்தான் புதுசுல கட்டும்." மறுகல்யாணத்துக்கு எங்கள் கரையில் சொல்லும் சொல் அது. என் புருஷன் விட்டுவிட்டுப் போனபோது ஊரே என்னிடம் சொன்ன சொல். நான் அறுக்கவுமில்லை, கட்டவுமில்லை. அது தெரிந்தும் சொன்னாய், என் முகத்தைப் பார்த்தாய், உடனே "காபி குடிக்கிறியா?" என்றாய்.

சலீமும் நானும் காலையிலிருந்து மல்லுக்கட்டினோம். பெரியமூக்கு லேசாக வந்துவிட்டது. பொத்தானை மூன்று தடவை அமுக்கினால் பழசை விடும், மறுபடி அமுக்கினால் புதுசைப் பிடிக்கும். கேட் இரண்டு தடவை முரண்டு பிடித்தது. மோட்டாருக்குச் செய்தி எட்டவே இல்லை. கடைசியில் பெட்டியையே கழற்றி, ஒயரோடு தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், அதன் பக்கத்தில் வைத்து அமுக்கினோம். எல்லாம் சேர்ந்தது. ஆனால் பெயர்கள் பெட்டியோடு போய்விட்டன. போனில் வெறும் எண்கள் நின்றன.

அப்போது மணி பதினொன்று இருக்கும். அடுக்களையில் அடுப்புக்கு மேலே அந்தச் சின்ன விளக்கு எரிந்தது.

ஒன்றரை வருஷமாக அது எரிந்து நான் பார்த்ததில்லை, மதாம்.

சலீம் போனைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "இதை நாம இன்னும் சேர்க்கவே இல்லையே." இடைச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். உன் பின்கதவு திறந்திருந்தது. வாசற்படியில் துடைப்பத்தோடு உன் மகள். வீட்டைக் காலி பண்ணப் பாரிசிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தாள். குனிந்து நிமிரும்போது உன் முதுகு.

சலீம் உன் கதவு, என் விளக்கு இரண்டையும் சோதித்துவிட்டு வந்து பாராட்டாகச் சொன்னார்: "இந்தக் கட்டு பெட்டி வழியாப் போகலை. கதவுல இருக்கற கருவியும் விளக்கும் நேராப் பேசிக்குது. பெட்டி இருந்தாலும் இல்லாட்டியும் வேலை செய்யும். போட்டவங்க விவரமான ஆளு."

விவரமான ஆள்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து, கூப்பிட ஆளில்லாமல் நீ பாதி நாள் கிடந்தாயே, அதற்கடுத்த வாரம் போட்ட கட்டு அது. காலையில் ஆறு மணிக்குக் கொல்லைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற நீ பின்கதவைத் திறந்தால், என் அடுக்களை விளக்கு இரண்டு நிமிஷம் எரியும். "எரிஞ்சா இருக்கேன். எரியலைன்னா வா." அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இரண்டு தடவை எரியவில்லை. இரண்டு தடவையும் கொண்டைகூடப் போடாமல் ஓடிவந்தேன். ஒரு தடவை பேட்டரி தீர்ந்திருந்தது. இன்னொரு தடவை நீ தூங்கிப்போயிருந்தாய். "ஏ மதாம், உயிரை வாங்காதே" என்று திட்டினேன். "வந்தியே, அது போதும்" என்றாய்.

மூன்றாம் தடவை, அன்றைக்கு, கிழக்கே மழை கறுத்திருந்தது. திருவேட்டக்குடியில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அதை மழைக்கு முன்னால் கட்டி ஏற்ற வேண்டும். லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தது. அடுப்பை அணைக்கும்போது மேலே பார்த்தேன். விளக்கு எரியவில்லை. ஆறேகால். பேட்டரியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, சரியாகச் சொல்கிறேன், பேட்டரியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். லாரியில் ஏறிவிட்டேன். உன் முன்கதவுச் சாவி என் இடுப்புச் சுருக்குப்பையில்தான் இருந்தது. திருவேட்டக்குடி வரைக்கும் என்னோடு வந்து, திரும்பியும் வந்தது.

பத்தரைக்கு உன் கதவைத் திறந்தேன். பின்கதவுக்கு இந்தப் பக்கம், தாழ்ப்பாளை நோக்கிக் கை நீட்டியபடி கிடந்தாய். அடுக்களை மேடையில் பால் பாக்கெட், ஓரம் வெட்டி, ஊற்றாமல். உறையில் தேதி பார்த்தேன். அன்றைய பால். அந்த நிலையிலும் என் கண் தேதியைத் தேடியது. டாக்டர் வருமுன் அந்தப் பாலைத் தொட்டியில் கொட்டினேன். உறையைச் சுருட்டி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நீ எப்போது போனாய் என்று நானும் டாக்டரைக் கேட்கவில்லை.

உன் மகளிடம் போனில் சொன்னேன்: "கருவி கெட்டுப்போச்சும்மா. பேட்டரி தீர்ந்து விளக்கு எரியலை. அதான் எரியலைன்னு நினைச்சு வராம இருந்துட்டேன்." தெருவுக்கும் அதையே சொன்னேன். நீ எங்கே கிடந்தாய் என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே, நீ சொல்லிக்கொடுத்தபடி, போனில் பெட்டிக்கு ஒரு கட்டளை போட்டேன். அந்த விளக்கு எரிந்தால் அந்த நொடியே அணைத்துவிடு என்று. துக்கத்தில் செய்ததாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கருவி நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்திருக்கிறேன். இடி விழுந்து என் கட்டளை பெட்டியோடு கருகியது. உன் கட்டு அதன் பாட்டுக்கு இருந்திருக்கிறது.

சலீம் கேட்டார், "கதவுல பேட்டரி எப்ப மாத்துனீங்க?"

"மாத்தவே இல்லை. அன்னிக்கே தீர்ந்துபோச்சு."

"தீர்ந்ததுன்னா இன்னிக்கு எப்படி முதலாளிம்மா எரியும்?"

கையைக் கழுவிவிட்டு இடைச்சுவர்க் கேட்டைத் திறந்து போனேன். உன் மகள் அடுக்களையில் கண்ணாடித் தம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சித்தி. நானே வரணும்னு இருந்தேன்."

"உன்கிட்ட ஒன்னு சொல்லணும். அன்னிக்குக் கருவி கெட்டுப்போகலை."

அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"அதுக்கு முந்தின மாசம் லீவுக்கு வந்தப்ப நான்தான் பேட்டரி மாத்தினேன். அம்மா ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் தாங்கும்னு சொன்னாங்க."

"தெரிஞ்சும் ஏன்டி என்னைக் கேக்கலை?"

"கேட்டா நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்க. அப்புறம் நான் உங்க மேல கோபப்படணும். அப்ப எனக்கு இந்த ஊர்ல வேற யார் இருந்தா, சித்தி?"

அதோடு விட்டிருக்கலாம். சரக்கில் பாதியைக் காட்டிப் பாதியை மறைத்து விற்றவர்களை எனக்குத் தெரியும். அப்படி நான் விற்றதில்லை. நீ பின்கதவோரம் கிடந்ததைச் சொன்னேன். பால் பாக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். தேதியைச் சொன்னேன். ஆறேகாலைச் சொன்னேன். சாவியை எடுத்து மேடைமேல் வைத்தேன்.

அவள் கை நின்றது.

"அப்ப அம்மா காலையில எந்திரிச்சிருக்காங்க."

"ஆமாம்மா."

"நான் ராத்திரி தூக்கத்துலயே போயிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். எழுந்து கதவு வரைக்கும் வந்து விழுந்தாங்கன்னு. பாலெல்லாம் வாங்கி வச்சிருந்தாங்கன்னு..." கையிலிருந்த தம்ளரை மேடைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள், "இப்பக் கோபமா இருக்கு சித்தி. போங்க."

போனேன். சாயங்காலம் அவளே கேட் வரைக்கும் வந்து, "வீட்டை விலை பேசியாச்சு. கதவுல இருக்கறதைக் கழட்டிக்கச் சொல்லுங்க" என்றாள். சித்தி என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவள் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், கோபம் சரியான கோபம் என்று.

விளக்கை அறுக்கும் வேலையைச் சலீமிடம் விடவில்லை. மறுநாள் வந்தவர் எந்தப் பொத்தான் என்று காட்டினார், நானே அமுக்கினேன். புதுசாக வருகிறவர்கள் உன் கதவைத் திறக்கும்போதெல்லாம் நீ இருப்பதாக ஒரு விளக்கு சொல்வது, உனக்கு மரியாதை இல்லை. மூன்று தடவை அமுக்க வேண்டியிருந்தது. மூன்றாவதற்கு என் விரல் கொஞ்சம் தாமதமானது, முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. சலீம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன்.

உன் மகள் போய் ஒரு வாரமாகிறது. உன் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைக்கும்போது என் தலை தானாக மேலே நிமிர்கிறது. அறுத்தது விளக்கைத்தான், என் கழுத்தை இல்லை. எரியவில்லை என்று பார்க்கிறேன். அடுப்பை அணைக்கிறேன். வாசலில் யார் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும் என்று இடைச்சுவர்க் கேட்டைத் தாண்டி நடந்து, உன் பின்கதவைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

போய்வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மதாம்.