‘தொர வர்றாரு’ என்று சொன்ன வாய்

என் ஆசைத் தங்கச்சி செல்லம்மாவுக்கு,

எங்கே இருந்தாலும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. உன் அக்கா தன் தப்பை ஒத்துக்கொண்டதை உயிரோடு இருந்தவரை நீ பார்த்ததே இல்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்.

உன் மகள் மல்லிகாவுக்கு மூன்றரை வயதாகிறது. நீ காய்ச்சலில் போனபோது தவழ்ந்துகொண்டிருந்தவள் இப்போது நில் என்றால் ஓடுகிறாள். பிரஜாவுரிமை மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லையே என்று உன் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாலும், தோளில் ஏறி மூக்கைத் திருகிச் சிரிக்க வைத்துவிடுகிறாள். அந்தக் கொழுப்பு உன்னிடமிருந்து வந்ததுதான்.

நான் இன்னும் பிள்ளைக் காம்பராவில்தான் ஆயாவாக இருக்கிறேன். தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை பதினாலு பிள்ளைகள் என் பொறுப்பு. சேலைத் தொட்டிலில் கிடப்பவர்களால் ஒரு தொல்லையும் இல்லை, நடக்கப் பழகியவர்கள்தான் உயிரை வாங்குவார்கள். பின்பக்கம் மழைத்தண்ணீர் பாயும் பெரிய கான் வேறு இருக்கிறது. அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து தோட்டத்துத் துரைதான், உனக்குத் தெரியும். “தொர வர்றாரு” என்று ஒரு தடவை சொன்னால் போதும், அத்தனையும் தொட்டிலுக்கு அடியில் புகுந்து மூச்சுக்கூட விடாது.

உனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பால் கொடுக்க வரும்போதெல்லாம் சண்டைக்கு நிற்பாய்.

“புள்ளைங்களுக்கு ஏங்க்கா பயத்த ஊட்டுற? கூப்பிட்டா வர்ற புள்ளையா வளரட்டும்.”

“ஒண்ணே ஒண்ணு பெத்துட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா? போ, கொழுந்துக் கூட காலியா கெடக்கு.”

அப்படித்தான் உன்னை விரட்டுவேன். நீ முணுமுணுத்துக்கொண்டே மலை ஏறுவாய்.

போன மாதம் ஒரு நாள் நல்ல மழை விட்டு, பனி மூடிக்கிடந்தது. ஒரு கைக்குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுத் திரும்பினால் கதவு திறந்திருக்கிறது, மல்லிகாவைக் காணோம். கான் கரை தட்ட ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது, செல்லம்மா. உனக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் முதலில் தோன்றியது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மலையிலிருந்த பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். கங்காணியும் வந்தார். ஆளுக்கொரு பக்கம் நின்று கூப்பிட்டும் பதில் இல்லை. அந்த நேரம் பார்த்துச் சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் சப்பாத்தோடு சேற்றில் இறங்கி, “புல்ல! வா, வா!” என்று தன் அரைகுறைத் தமிழில் அவரும் கூப்பிட ஆரம்பித்தார். கங்காணி சும்மா இருப்பாரா? “தொரையே வந்திருக்காரு, தொர கூப்பிடுறாரு, வந்துரு புள்ள” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துரை வந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும், மூச்சு விடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே? பிள்ளை எங்கேயோ ஒளிந்து இருக்கிறாளா, இல்லை கான் கொண்டுபோய்விட்டதா என்று தெரிய வேண்டுமானால் வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நேரே துரை முன்னால் போய் நின்றேன்.

“தொர, நீங்க போயிருங்க. நீங்க இங்க நின்னா புள்ள வராது.”

கங்காணி தலையில் கை வைத்துக்கொண்டார். துரை ஏன் என்று கேட்டார். இத்தனை வருஷமாக அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டி வைத்திருப்பதை, அத்தனை பேர் நடுவில் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலை போனால் போகட்டும் என்று நின்றேன். அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, “தொர போயிட்டாரும்மா” என்றேன்.

நாலு எட்டுத் தள்ளி ஒரு தேயிலைச் செடிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“நெசமாவா பெரியம்மா?”

அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே செடிக்குள் புகுந்துகொண்டாளாம். கூட நின்ற பெண்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் “நெசமாவா பெரியம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் மலைக்குப் போகிறார்கள். கேலி செய்யட்டும், எனக்கு வேண்டியதுதான்.

உன் வீட்டுக்காரர் கான் ஓரமாக மூங்கில் வேலி கட்டிக் கொடுத்தார். கதவுக்கும் வேலிக்கும் நடுவில் உள்ள முற்றம் முழுக்க இப்போது பிள்ளைகளுக்குத்தான். காலையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, தண்ணீரில் இலையைப் போட்டுக் காட்டுகிறேன். அது போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு அவர்களே ஓர் அடி பின்னால் வருகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் “இருக்கேன்” என்று குரல் கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். முழங்கால் சிராய்க்கத்தான் செய்கிறது. தாய்மார் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள், “கூப்பிட்டா வர்ற புள்ளையா வளரட்டும்” என்று உன்னிடமிருந்து கற்ற பதிலைச் சொல்லி அனுப்புகிறேன்.

ஆனாலும் எதுவரை விடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலி வரைக்குமா? லயத்து வீட்டு வரிசையின் கோடி வரைக்குமா? நீ இருந்தால் எதுவரை விடுவாய்?

நேற்று அப்பாவைக் கூட்டி வர வளைவு வரைக்கும் தனியாகப் போகிறேன் என்று மல்லிகா அடம் பிடித்தாள். முப்பது எட்டு வைத்தால் வந்துவிடும். சரி என்று விட்டுவிட்டு, வாசலில் கண்ணை எடுக்காமல் நின்றேன். வளைவில் திரும்பியதும் ஆள் மறைந்துவிட்டாள். வாய் வரைக்கும் வந்த பெயரைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன். நான் கூப்பிடாமலேயே அங்கிருந்து சத்தம் வந்தது.

“பெரியம்மா, இருக்கேன்!”

இனி அவளுக்குப் பயத்தை ஊட்ட மாட்டேன், செல்லம்மா, சத்தியம். பயப்பட வேண்டியதை எல்லாம் வாசலில் நின்று நான் பயந்துகொள்கிறேன், உன் மகள் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்றுப்போன அக்கா,
மல்லிகாவின் பெரியம்மா.