இழுத்துட்டுப் போனது நான்தானே

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கவலைப்படாதே.

எனக்கு என்ன வேலை என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாராமே. தடுப்பூசி போட்ட பிறகு உடம்புக்கு ஏதாவது ஆனால், எந்த நாட்டிலிருந்தும் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லலாம். தமிழில் பேசுகிறவர்களின் அழைப்பு எனக்கு வரும். பெரும்பாலும் காய்ச்சல், கைவீக்கம்தான்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா கூப்பிட்டார். ஊசி போட்ட மறுநாள் அவருடைய சின்ன மகன் தூக்கத்திலேயே போய்விட்டான். டாக்டர்கள் தீர விசாரித்து, பிறவியிலேயே இருந்த இதயக் கோளாறுதான் காரணம், ஊசி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டால் அவர் மனபாரம் இறங்கும் என்று நானே ஆசையாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நீ சொன்னா சரிம்மா. ஆனா அவன் வரமாட்டேன்னு அழுதான். தரதரன்னு இழுத்துட்டுப் போனது நான்தானே?" என்றார்.

எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன், எதுவும் எடுபடவில்லை. இப்போதும் வாராவாரம் கூப்பிடுகிறார். "அந்தக் கேஸ்தான் முடிஞ்சுபோச்சே, ஏன் எடுக்கிறே?" என்கிறார் மேலதிகாரி. சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் எடுக்கிறேன்.

ஹெட்போன் காதை அறுக்கிறது. உன் பழைய நூல் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பேன், அதில் சுற்றிக்கொள்கிறேன். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

நேற்று போனை வைக்கும் முன், "நீ சாப்பிட்டியா கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டார்.

இடைவேளை முடிந்துவிட்டது. ஓடுகிறேன்.

உன் மகள்