பொழியூருக்குப் போன பழைய கணினிகள்

இன்று காலை கடையின் பின்னறையில் ஒரு கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உடனே அந்த வாசனை வந்தது. சூடேறிய தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை; மழைக்காலமானதால் ஈரச் சுவரின் வாடையும் அதோடு சேர்ந்துகொண்டது. இந்த வாசனை உனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பழைய பெயின்ட் பிரஷால் மின்விசிறியின் இறகுகளைத் தட்டுவாய். "ஏட்டி, நம்ம அமரவிளை ரோடு முழுக்க இதுக்குள்ளயாக்கும் கிடக்கு" என்பாய்.

நீ போன பிறகு வரும் இரண்டாவது மழை இது. சொல்ல நிறைய சேர்ந்துவிட்டது.

கடையை நாம் தொடங்கியபோது நம்மிடம் ஒரு லேப்டாப்பும் ஒரு நகல் இயந்திரமும்தான் இருந்தன. நீ பாடம் நடத்திக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டர் மூடப்பட்டபோது, அங்கே கிடந்த பழைய கணினிப் பெட்டிகளை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார் உரிமையாளர். எல்லாம் விண்டோஸ் ஏழு. ஆட்டோவில் வந்து இறங்கியவற்றைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் சிரித்தார். "பழைய சாமான் எடுக்குற ஆக்கிரிக்காரன்கூட எடுக்காததயெல்லாம் நீங்க எடுக்கியளே" என்றார். நீயும் கூடச் சிரித்தாய். பிறகு ஒரு வாரம் பின்னறையை விட்டு நீ வெளியே வரவில்லை.

அவை நன்றாகவே ஓடின. விண்ணப்பம் தட்டச்சு செய்ய, தேர்வு முடிவு பார்க்க, பிள்ளைகள் பாடம் தேட, எல்லாவற்றுக்கும் போதுமாக இருந்தன. பிறகு ஒவ்வொரு இணையப் பக்கமாகத் திறக்காமல் போகத் தொடங்கியது. முதலில் ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் பட்டை, இந்த விண்டோஸுக்கு இனிப் புதிய பிரவுசர் வராது என்று. சில மாதங்களில் தளங்கள் வெறும் வெள்ளையாக நின்றன. வெள்ளைத் திரையை வெறித்துவிட்டு, "போதும், இதுக ஆயுசு தீந்து போச்சு" என்றேன்.

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆயுசு தீந்தா பெட்டி ஆன் ஆகாது. இது ஆன் ஆவுது, டைப் அடிக்குது, பிரிண்ட் எடுக்குது. ஒரு வாசல அடச்சிற்றாவ, அவ்வளவுதான். வேற வாசல் உண்டான்னு பாப்போம்."

அந்த வேறு வாசலை நீதான் தேடிக் கண்டுபிடித்தாய். பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பழைய விண்டோஸுகளுக்காக, பிரவுசரின் மூல நிரலை எடுத்துத் திருத்தி, அவற்றிலும் ஓடும்படி சிலர் செய்துகொண்டிருந்தார்கள். சம்பளத்துக்கு அல்ல, பிடிவாதத்துக்கு. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து, முகம் தெரியாத நமக்காக ஒருவர் மாதாமாதம் புதிய பதிப்பு வெளியிடுவது உனக்குப் பெரிய ஆச்சரியம். "நம்மள மாதிரி கிறுக்கு பிடிச்சவங்க உலகம் பூரா உண்டு மக்கா" என்று சொல்லிச் சிரித்தாய். ஒன்று நிறையத் தளங்களைத் திறந்தது, ஆனால் நினைவகத்தை விழுங்கியது. இன்னொன்று இலேசாக இருந்தது, ஆனால் புதிய பக்கங்களில் திணறியது. எந்தப் பெட்டிக்கு எது பொருந்தும் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாய். விளம்பரங்களைத் தடுக்கும் ஒரு துணைநிரலையும் சேர்த்தபோது, இழுத்துக்கொண்டு கிடந்த பெட்டி மூச்சு விடத் தொடங்கியது.

ஒன்றில் மட்டும் நீ கண்டிப்பாக இருந்தாய். வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று யாராவது வந்தால் லேப்டாப்பைக் காட்டுவாய். "பிரவுசர் புதுசாக்கும், ஆனா அடியில இருக்குற விண்டோஸ் பழசு. அதுக்கு இப்ப காவல் கிடையாது. பேங்க் காரியம் இதுல வேண்டாம் அண்ணே." இதனால் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நீ கவலைப்படவில்லை.

பிறகு பொழியூரில் கடல் ஏறியது.

உனக்கு நான் அதை நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் எனக்குச் சொல்லிப் பார்க்க வேண்டும். கரையோர வரிசையில் பல வீடுகள் போயின. குடும்பங்கள் பள்ளிக்கூட முகாமில் இருந்தன. வேறிடத்தில் வீடு கேட்டு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் நாலைந்து சான்றுகளைச் சேர்த்து, அளவு குறைத்து ஏற்ற வேண்டும். போனில் செய்து பார்த்து பாதியில் விட்டவர்களே அதிகம். முகாமை விட்டு, பஸ் பிடித்து, நெய்யாற்றின்கரை சேவை மையத்துக்குப் போய் வரிசையில் நிற்கப் பெண்களால் முடியவில்லை. ஆண்களில் பாதிப் பேர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார்கள்.

லேப்டாப்பை மட்டும் கொண்டுபோகலாம் என்றேன். "ஒண்ணு போதாது. அங்க எத்தற பேரு!" என்று சொல்லிவிட்டு நீ ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாய். திரைகளைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்து, மடியில் ஒரு பெட்டியோடு நீ முன்னாலும் நான் பின்னாலும் இருந்து போனோம். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் நீ பெட்டியை அணைத்துக்கொண்டாய். ஓட்டுநர் கேட்டார், "சேச்சி, இது ஓடுமா?" நீ சொன்னாய், "வண்டிய மெதுவா விட்டா ஓடும்."

வகுப்பறையில் பெஞ்சுகளை இழுத்துப்போட்டு மூன்று பெட்டிகளையும் வைத்தோம். ஸ்டெல்லா என்ற பெண்தான் முதலில் வந்தாள். அவள் வீடு போன இடத்தில் அடுக்களையின் ஒரு சுவர் மட்டும் நிற்கிறது என்று அதற்குள் யாரோ நம்மிடம் சொல்லியிருந்தார்கள். அவள் உட்காரவில்லை. தடித்த பழைய திரையைப் பார்த்தாள்.

"எல்லாரும் எங்களுக்குப் பழசத்தான் கொண்டு தாறாவ. பழய துணி, பழய பாய். இப்ப பழய கம்ப்யூட்டரும் வந்தாச்சு" என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமே என்று வாய்வரை வந்தது. நீ எழுந்து நின்றாய்.

"பழசுதான். பொய் சொல்லல்ல. நான் தினமும் சோலி செய்யுற பெட்டியாக்கும் இது. ஒன் பேரு இதுல ஏறல்லன்னா நான் இங்கேருந்து போகமாட்டேன். இரி."

அவள் உட்கார்ந்தாள். நம்பிக்கை வந்து உட்காரவில்லை. இவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள்.

திறந்தால் ஒரு தளமும் வரவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எல்லாப் பக்கங்களும் மறுத்தன. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போனின் இணைப்புதான் கோளாறு என்று நினைத்து நான் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். நீ திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாய். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, பெட்டி தன் தேதியை எத்தனையோ ஆண்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தது. அந்தத் தேதியை வைத்துப் பார்த்தால் இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது. நீ தேதியைத் திருத்தினாய். அடுத்த நொடி விண்ணப்பப் பக்கம், சர்க்கார் முத்திரையும் நீலப் பட்டையுமாக முழுதாகத் திறந்தது. ஸ்டெல்லா தன்னையறியாமல் முன்னால் குனிந்தாள்.

அவளுடைய ரேஷன் கார்டு கடலோடு போயிருந்தது. தங்கையின் போனில் அதன் படம் இருந்தது. பாதி வழியில் பிரவுசர் ஒருமுறை தானாக மூடிக்கொண்டது; மறுபடி முதலிலிருந்து தொடங்கினாய். "சாரமில்ல, ஒண்ணும் ஆகல்ல, கை பழகிப் போச்சில்லா, இப்ப சீக்கிரம் வரும்" என்று அவளிடம் சொன்னாய். ஏற்றுக்கொண்டோம் என்ற பக்கம் வந்தபோது, அதை அவளே வாசிக்கட்டும் என்று திரையை அவள் பக்கம் திருப்பினாய். அவள் தன் பெயரை வாய்விட்டு வாசித்தாள். பிறகு வாசலுக்குப் போய் மற்றவர்களைக் கூப்பிட்டாள். "ஓடுது, வாங்க!"

அன்றும் மறுநாளும் கடைசிப் பெண் எழும்வரை நீ நாற்காலியை விட்டு எழவில்லை. ஒவ்வொருவரும் போனதும் அவர்களுடைய படங்களையும் சான்றுகளையும் பெட்டியிலிருந்து அழித்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட்டாய். எல்லோருக்கும் வீடு கிடைக்கவில்லை. அது உனக்குத் தெரியும். ஸ்டெல்லாவுக்குக் கிடைத்தது. சாவி வாங்கிய அன்று அவள் கடைக்கு வந்து, ஒரு பெரிய நெய்மீனை உன் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்று வந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் மீன் வாடை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை நீ கடைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. உன் தம்பிதான் கூப்பிட்டான். குளித்துவிட்டு வந்து, தலை வலிக்கிறது என்று படுத்தாயாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். சபைக் கல்லறைத் தோட்டத்தில் உன்னை வைத்தபோது, பொழியூரிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கடைக்கு வந்து உன் துப்பட்டாவை ஆணியில் பார்த்தபோதுதான் வந்தது.

பழைய பெட்டிகளைத் துணியால் மூடிவிட்டேன். லேப்டாப் ஒன்றே எனக்குப் போதும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஸ்டெல்லா பல மாதம் கழித்து வந்தாள், தங்கையோடும் இன்னும் சிலரோடும். முதல் முறை விட்டுப்போனவர்கள் விண்ணப்பிக்க இரண்டாவது வாய்ப்பு வந்திருந்தது. "எப்ப வாறிய அங்கோட்டு?" என்று கேட்டாள்.

"எனக்கு அதொண்ணும் சரியா அறியாது ஸ்டெல்லா. அவளாக்கும் எல்லாம் பாத்துக்கிட்டது."

அவள் பின்னறைக்குப் போய், கேட்காமலே துணியை விலக்கினாள். "அறியாதுன்னா படிக்கணும். கடல் வந்தப்போ எங்களுக்கு மாத்திரம் எல்லாம் அறியுமா? அன்னைக்கு அந்த அக்கா எங்ககிட்ட இரின்னு சொன்னாவ. இப்ப நான் சொல்லுதேன், இரிங்க."

உட்கார்ந்தேன். திறந்தேன். அதே தளம்தான், ஆனால் புதுப்பித்திருந்தார்கள். நீ போட்டு வைத்த பிரவுசரில் பொத்தான்கள் வரவில்லை. பிரவுசரைத் திருத்தி வெளியிடும் முகம் தெரியாத அந்த ஆட்களின் பக்கத்தை நான் தேடிப் போனேன். ஆங்கிலத்தில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்ததை, எழுத்துக்கூட்டி என்றே சொல்லலாம், வாசித்தேன். புதிய பதிப்பு வந்திருந்தது. இறக்கிப் போட்டேன்; இது இந்தக் கணினிக்கு ஆகாது என்றது. பெட்டி முப்பத்திரண்டு பிட் வகை, நான் இறக்கியது அறுபத்துநான்கு பிட் வகைக்கானது என்று விளங்க ஒரு மதியம் போயிற்று. ஸ்டெல்லா அந்த மதியம் முழுவதும் அங்கேயே இருந்தாள். சரியானதை இறக்கிப் போட்டதும் பொத்தான்கள் எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. நான் கத்தியதில் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்தார்.

பொழியூருக்கு அதே ஆட்டோவில் போனேன். இப்போது மாதத்தில் இரண்டு முறை போகிறேன். ஸ்டெல்லாவின் புதிய குடியிருப்பில் ஒரு பெட்டியை நிரந்தரமாக வைத்துவிட்டோம். அவளே பிரவுசரைப் புதுப்பிக்கிறாள். இதுவும் ஒருநாள் நின்றுபோகலாம். அன்றைக்கு இன்னொன்றைத் தேடுவோம். விண்டோஸையே மாற்றவேண்டி வந்தால் அதையும் படிப்போம்.

உன்னிடம் நேரில் ஒருபோதும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். பெட்டி முடியாது என்று அறிவிப்புக் காட்டும்போது, நான் உடனே ஓகேயை அழுத்தி அதை மறைத்துவிடுவேன். எல்லோரும் அப்படித்தான். நீ மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அந்த அறிவிப்பின் கடைசி எழுத்துவரை வாசிப்பாய். ஏன் முடியாது என்று அதுவே சொல்லுமாம். எனக்கு அப்போது அது பொறுமையைச் சோதித்தது.

போன வாரம் ஸ்டெல்லாவின் தங்கைக்குத் துணையாக, அவளுடைய வீட்டு விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்க அரசு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "இத வேண்டாம்னு தள்ளியாச்சு. ஒண்ணும் செய்ய ஒக்காது" என்றார். தங்கை எழுந்துவிட்டாள். நான் எழவில்லை.

"சாரே, என்ன காரணம்னு அதுல போட்டிருக்கும். முழுசா ஒண்ணு வாசிங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒரு சான்றில் கையெழுத்துப் படம் தெளிவாக இல்லை, அவ்வளவுதான். திருத்தி அனுப்ப வழி அந்தப் பக்கத்தின் அடியிலேயே இருந்தது. அங்கேயே செய்து முடித்தோம்.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள், "அக்கா, நீங்க எப்பவும் இப்படியாக்குமா?"

"இல்ல மக்கா, இப்பத்தான்" என்றேன்.